மூன்றாவது சிலிண்டர்

"மெதுவாகத்தான் ஓட்டுவேன். பேக்கரி வரைக்கும்"
என்று சாவியைத் தந்தார் எஷ்லிமான்.
"பிளக் நாலும் புதுசு, நானே போட்டேன்."
நம்பினேன்.

பீல் நகரத்தில் காலையிலிருந்து மழை.
சும்மா நிற்கையில் இன்ஜினுக்கு ஒரு குறையுமில்லை.
மூன்றின் காயிலை ஒன்றுக்கு மாற்றினேன்,
குற்றம் கூடப் போகவில்லை.
இன்ஜெக்டரை மாற்றினேன்,
அதோடும் போகவில்லை.
என் தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது.

கணினி மட்டும் மறக்காமல் வைத்திருந்தது:
காலை ஐந்து பத்து,
நாலாயிரத்து எண்ணூறு சுற்று,
டர்போ முழு மூச்சில்.
எந்தப் பேக்கரி ஐயா அது?

கடைசியில்தான் பிளக்கைக் கழற்றினேன்.
மற்ற மூன்றிலும் இடைவெளி தசம் ஏழு.
இதில் தசம் ஒன்பது.
சாதாரண நேரம் தாண்டிவிடும் பொறி,
காற்று திணிந்து நெருக்குகையில்
அந்த மயிரிழைக்கு முன்னால்
கால் கூசி நின்றுவிடுகிறது.

தட்டி, அளந்து, மறுபடி அளந்து, பூட்டினேன்.

மறுநாள் வந்தவர் கையில் காகிதப் பை,
மலைக்கு அப்பால் சோன்ஸபோ
பேக்கரியின் முத்திரையோடு.
ஒரு துண்டு எனக்கும் நீட்டினார்.
"நேற்று ரயிலில் போய் வாங்கினது," என்றார்,
"ருசியே இல்லை."