சேவை நடந்த இடம்: பன்னிரண்டு

நான்காவது முறையாக எழுதுகிறேன்.
உறுப்பினர் எண் மேலே இருக்கிறது.
மகளின் எடையைப் போல
அதுவும் மனப்பாடமாகிவிட்டது:
ஏழு பவுண்டு பதினோரு அவுன்ஸ்.

உங்கள் படிவத்தில் ஒரு கட்டம்,
சேவை நடந்த இடம்.
மருத்துவமனை என்றால் இருபத்தொன்று,
வீடு என்றால் பன்னிரண்டு.
பெர்னடீன் பன்னிரண்டு என்று எழுதினார்.
இலக்கங்கள் சாய்ந்திருக்கும்,
இரண்டு இரவு உறங்காத கை.
இலக்கம் இடம் மாறியதாக நினைத்து
பிழை என்று திருப்பி அனுப்பினீர்கள்.

பிழையில்லை.
பிப்ரவரி. சுப்பீரியர் ஏரிக் காற்று
கொட்டகைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
அவருடைய டிரக் ஏறி வரட்டும் என்று
டாரெல் மூன்று முறை வழியை வெட்டினான்,
மூன்று முறையும் மூடிக்கொண்டது.
வெளியே இடுப்பளவு பனி,
உள்ளே பனிக்குடம் உடைந்து
தரையெல்லாம் வெதுவெதுப்பு.
சமையலறைக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவே
ஆறடி இடம்.
பன்னிரண்டு அதுதான்.

எங்கள் ஊர் மருத்துவமனையில்
பிரசவப் பிரிவை மூடி மூன்று வருடமாகிறது.
அந்த அறையில் இப்போது நாற்காலிகள் அடுக்கியிருக்கிறார்கள்.
அடுத்தது தொண்ணூறு மைல்.
அங்கே போயிருந்தால் பதினாலாயிரம் டாலரை
ஒரு கேள்வி கேட்காமல் கட்டியிருப்பீர்கள்.
பெர்னடீனின் ரசீது நாலாயிரத்து இருநூறு,
ஒன்பது மாதச் சோதனைகளும் சேர்த்து.

இரண்டாவது மறுப்பு:
அவர் உங்கள் வலையமைப்பில் இல்லை.
இருக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுத்தீர்கள்.
அழைத்தேன்.
நாய்களுக்கு முடிவெட்டும் கடை.
என்ன ஜாதி நாய் என்று கேட்டார்கள்.

மூன்றாவது மறுப்பில்
நான் முக்கிய தொட்டி
பொழுதுபோக்குச் சாதனம் ஆகியிருந்தது.
டாரெல் சிரித்தான். நானும்தான்.
தையல் வலித்ததால் நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அந்த அழைப்பு.
நாற்பத்தேழு நிமிடம் உங்கள் பியானோ.
லெம்பி ஒரு பக்கம் குடித்து முடித்து
மறுபக்கத்துக்கு மாறியபோது
ஒரு பெண்குரல் வந்தது.
பிரசவம் நடந்ததற்கு
வேறு ஆவணம் உண்டா என்று கேட்டது.
நான் பதில் சொல்லவில்லை.
மார்பிலிருந்து பிள்ளையை விலக்கி
தொலைபேசியை அவள் வாயருகே பிடித்தேன்.
அவளுக்கு அழத் தெரியும்.

நெடுநேரம் ஒன்றுமில்லை.
இதைக் குறிப்பில் எப்படி எழுதுவது
என்றது அந்தக் குரல்.
அழுகிறது என்று எழுதுங்கள் என்றேன்.
விசைகள் தட்டும் ஓசை,
உண்மையிலேயே எழுதினாள் போல.
அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.
மேல்முறையீடு என்று மட்டும் எழுதாதீர்கள்,
"வலையமைப்பில் ஆள் பற்றாக்குறை,
விதிவிலக்குக் கோருகிறேன்" என்று
அதே வார்த்தைகளில் எழுதுங்கள்,
நான் சொன்னதாக வேண்டாம்.
பெயர் கேட்பதற்குள் மறுபடி பியானோ.

ஆகவே எழுதுகிறேன்,
யார் சொன்னதாகவும் இல்லாமல்:
உங்கள் வலையமைப்பில் ஆள் பற்றாக்குறை.
விதிவிலக்குக் கோருகிறேன்.
இணைப்பு: ரசீது, பெர்னடீனின் உரிமச் சான்று,
நாய்க் கடையின் முகவரி.

காப்பீடு என்கிறீர்கள்.
மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த ஈடு
உங்களிடம் இருக்கிறது.
காப்பு, அன்றிரவு விடியும்வரை
முழங்கால் ஈரத்தில் ஊற
என் முதுகைத் தாங்கியிருந்தது.

பெர்னடீன் பணம் கேட்கவில்லை.
பாதி வண்டி விறகும்
கொஞ்சம் மான் இறைச்சியும் வாங்கிக்கொண்டார்,
மீதியை வரும்போது பார்க்கலாம் என்றார்.
அவர் கிளம்பியபோது ஜன்னலில் நின்றிருந்தேன்.
டிரக்கின் பின் டயர் இரண்டும் வழவழவென்று தேய்ந்திருந்தன.
மார்ச் கடைசியில்
மலைக்கு அந்தப் பக்கம்
இன்னொருத்திக்கு நாள் குறித்திருக்கிறது.
அங்கே சாலையை
மதியத்துக்கு முன் யாரும் சுத்தம் செய்வதில்லை.