பதினேழாம் எண் அலமாரி

ஹூசவீக் நீச்சல்குளத்தில்
காலை ஆறரைக்கு இன்னும் இருட்டுதான்.
வெந்நீர்த் தொட்டியில் நாங்கள் ஐந்து பேர்.
தலைமேல் பனி, கழுத்துக்குக் கீழே நாற்பது டிகிரி.

தோர்குன்னுரின் மூலையில் யாரும் உட்காரவில்லை.
அங்கிருந்துதான் மேயரைத் திட்டுவாள்.
என் விவாகரத்தை
எனக்கு முன்பே ஊருக்கு அறிவித்ததும் அங்கிருந்துதான்.
மீன் ஆலையில் நாற்பது வருடம் கணக்கெழுதியவள்;
கொடுத்த கடனை மறக்கமாட்டாள்,
வாங்கியது நினைவிருக்காது.

செவ்வாய்க்கிழமை ஸ்டெய்னுன்
மாற்றுச்சாவி போட்டு அவள் அலமாரியைத் திறந்தாள்:
ஒற்றைச் செருப்பு, பல் போன சீப்பு,
பாதி தீர்ந்த பிர்ச் இலை ஷாம்பூ.
மகன் கனடாவிலிருந்து வந்தபாடில்லை.
யாரிடம் கொடுப்பது?

அடக்கத்தன்று காலை
பேசிவைக்காமலே கை நீட்டினோம்.
பிறகு புட்டி
ஆண்கள் பக்கத்துச் சுவரைத் தாண்டிப் பறந்தது.
முழு வழுக்கை ஹெர்மோதும்
கொஞ்சம் தேய்த்துக்கொண்டுதான்
திருப்பி எறிந்தான்.

தேவாலயத்தில் இரண்டாம் வரிசை முழுக்க
ஈரத் தலை, ஒரே வாசம்.

“சாந்தமே உருவானவர்” என்றார் பாதிரியார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால்
சிரித்திருப்போம்.