நாலாயிரம் ஹெர்ட்ஸ்

பை வெடித்தது எனக்குக் கேட்கவில்லை.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
லாரியின் பின்பலகையில் வேன் மூக்கு நசுங்கியதுகூடக் கேட்டது,
ஆயர் ராஜா விரைவுச்சாலை,
கிளமெண்டி வெளிவழிக்குச் சற்று முன்,
காலை ஏழு நாற்பது, மழை விட்ட நேரம்.
அப்புறம் வெள்ளை.
முகமெல்லாம் மாவு,
நாக்கில் மத்தாப்பு கருகிய கசப்பு,
மூக்குக்கண்ணாடி பின்சீட்டில்.
மோட்டார்சைக்கிள்காரர் ஒருவர் கதவைத் தட்டினார்.
வாய் அசைந்தது: அங்கிள், ஓகேயா?
உதட்டைப் படித்துத் தலையாட்டினேன்.
ஓகேதான்.
ஒரு பல்கூட ஆடவில்லை.

காதுக்குள் ஒரு தசை இருக்கிறதாம்,
அரிசிமணியைவிடச் சின்னது.
பெருஞ்சத்தம் வந்தால் எலும்பை இழுத்துப் பிடித்துக்
கதவைச் சாத்துமாம்.
பையோ இமை பாதி இறங்குவதற்குள் விரிந்து முடிந்துவிடுமாம்.
காவல்காரன் செருப்பைத் தேடுவதற்குள்
வீடு புகுந்தாயிற்று.
படம் வரைந்து காட்டினாள்
செவிப் பரிசோதனை செய்யும் அந்தச் சீனப் பெண், மிஸ் வீ.
கண்ணாடி அறையில் உட்காரவைத்து
ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள்.
அழுத்தினேன். அழுத்தினேன். அழுத்தினேன்.
கதவைத் திறந்து மெதுவாகச் சொன்னாள்:
'நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.'

காப்புறுதிப் படிவத்தில்
கண்ணாடிக்குக் கட்டம் உண்டு, கழுத்துக்கு உண்டு,
இழுவை வண்டிக் கூலிக்கும் உண்டு.
'இதர' என்ற இடத்தில் எழுதினேன்:
இடது காதில் ஒருவர் விசில் ஊதுகிறார்,
மூச்சு வாங்குவதே இல்லை.
விளக்கம் போதாது என்று திரும்பி வந்தது.

பதினெட்டு வருடமாக மின்தூக்கி பழுதுபார்க்கிறேன்.
பேரிங் தேய ஆரம்பித்தால்
முதலில் ஒரு சீழ்க்கை வரும், மிக மெல்லிசாக,
மீட்டருக்குத் தெரியுமுன் எனக்குத் தெரியும்.
அதே சுருதி.
தீவில் இருக்கும் பிளாக் எல்லாவற்றிலும்
மின்தூக்கி எல்லாமே இப்போது நோயாளி.
தெலுக் பிளாங்காவில் பன்னிரண்டாம் மாடியில்
மோட்டார் அறைச் சுவரில் உள்ளங்கையை ஒட்டிவைத்து
சுல்கர்னைன் முகத்தைப் பார்க்கிறேன்.
'ஒண்ணும் இல்லை, அபாங். சுத்தமா ஓடுது.'
என்னைவிடப் பதினைந்து வயது இளையவன்.
பொய் சொல்லமாட்டான்.
அதுதான் சங்கடம்.

காப்பிக்கடையில் கேட்கிறார்கள்,
அந்தப் பையைக் கழற்றிவிடலாமே என்று.
எங்கள் பழைய வேனில் பை கிடையாது.
அதை ஓட்டிய ஆ ஹோக்கின் காது எப்படி இருந்தது என்று
யாரும் கேட்டதில்லை.
நான் கோப்பியைக் கலக்குகிறேன்.
கரண்டி கண்ணாடியில் படுகிறது,
வலப்பக்கம் மட்டும்.

இரண்டு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை,
அடுக்குமாடிக் கார்நிறுத்தம், மூன்றாம் தளம், வாடகைக் கார்.
விமலேஸ்வரி குட்டை.
ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துத்தான் ஓட்டுவாள்.
இடுப்பிலிருந்து டேப்பை உருவி அளந்தேன்,
நெஞ்செலும்பிலிருந்து வட்டின் நடுவரை:
பதினேழு சென்டிமீட்டர்.
'இருபத்தைந்து வேணும்.'
'தையல்காரரா நீங்க?'
இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினேன்.
கால் எட்டவில்லை என்றாள்.
கொஞ்சம் முன்னே, முதுகைச் சாய்த்து, அடியில் ஒரு மெத்தை,
வட்டைக் கீழே இறக்கி,
மறுபடி அளந்து, மறுபடி தள்ளி,
பின்னால் காத்திருந்தவர் ஹாரன் அடித்தார்
(அது கேட்டது).
இருபத்து நான்கரை.
போதும் என்று ஒத்துக்கொண்டேன்.

இனி அவள்தான் ஓட்டுவாள்.
பயத்தினால் இல்லை.
இடது இருக்கையில் உட்கார்ந்தால்
என் நல்ல காது அவள் பக்கம்.

சரிவுப் பாதையில் இறங்கும்போது
தலையைச் சாய்த்துக் கேட்டாள்:
'பெல்ட்டா என்னன்னு தெரியலை,
மெல்லிசா ஒரு சீழ்க்கை.
உங்களுக்குக் கேக்குதா?'

கேக்குது என்றேன்.
பொய்யில்லை.