லாட் எண் 114

ஆஸ்வெஸ்ட்ரிக்கு மேற்கே, ஆட்டுச் சந்தை தாண்டி,
மழை விட்டும் தூவானம் விடாத செவ்வாய்க்கிழமை.
இட்வால் பிரீஸ் தகரக் கொட்டகையைத் திறந்து
பூப்போட்ட பழைய மெத்தை விரிப்பை உருவினார்.
சிவப்பு.
பிரெஞ்சுக்காரர்கள் எண்பத்தெட்டில் செய்த
மூன்று கதவு ஹேட்ச்பேக்.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் சி.சி.
எடை, அவர் கணக்கில், ஒன்றரைக் கறவை மாடு.

ஏலக் கம்பெனிக்கு விவரம் எழுதுவது என் வேலை.
காந்தத்தைக் கார் உடம்பில் ஓட்டிப் பார்ப்பேன்.
ஒட்டாத இடத்தில் பொய் இருக்கும்.
இதில் தகரம் முழுக்க ஒட்டியது.
அசல் கேசட் ரேடியோ.
ஓட்டுநர் சீட்டின் வலது விளிம்பு மட்டும்
ஒரே ஒருவரின் தொடை அளவுக்குத் தேய்ந்திருந்தது.
முப்பத்தோராயிரத்து நானூற்று ஆறு மைல்.

"இப்ப என்ன போகும்?"
சொன்னேன்.
"பத்து வருஷம் கழிச்சு?"

எல்லோரும் கேட்பதுதான். நான் வெளியே சொல்லாத பதில் இது:
பதினேழு வயதில் வாங்க முடியாதவன்
ஐம்பதில் கொடுப்பதற்குத்தான் விலை என்று பெயர்.
அன்று இன்சூரன்ஸ்காரன் சிரித்தான்.
இன்று அவனுக்குக் கடன் தீர்ந்த வீடு, முடி தீர்ந்த தலை,
காலியாக ஒரு கராஜ்.
ஆசைக்கும் பிறந்த தேதி உண்டு.
பித்தளை விளக்கு வைத்த பெரிய பழைய கார்களை
இப்போது பார்க்க வருகிறவர்கள்
விலை கேட்பதில்லை, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அவர் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார்,
தீவனக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது.
இந்தப் பள்ளத்தாக்கில் இதே மாதிரி ஓடியவை பன்னிரண்டு.
பதிவெண், எதிரே முடிவு.
கெத்தின் ப்ராபர்ட்டுடையது, கோழிப்பண்ணைச் சுவர்.
லோயிஸ் கின்ரிக்குடையது ரெக்ஸமில் திருடுபோய்
காலியிடத்தில் எரிந்து கிடந்தது.
ஒன்று உப்புத் தூவிய சாலைகளில் கரைந்தே போனது.
எழுபத்தைந்து பவுண்டுக்கு ஒன்று,
எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டார்கள்.
டக்கர் சகோதரர்களுடையது கெய்ரியாக் ஆற்றில்.
அந்த ஒரு வரியில் மட்டும் பேனா மாறியிருந்தது.

"வளைவு நடுவுல பயந்து காலை எடுத்தா
பின்பக்கம் முன்னாடி வந்துடும்.
பயப்படாதவனை ஒண்ணும் செய்யாது."
கொஞ்ச நேரம் கழித்து,
"அப்படி எவனும் இல்ல."

அரிது என்ற சொல்லை வாரத்துக்கு ஆறு முறை எழுதுகிறேன்.
அதன் அடியில் இப்படி ஒரு நோட்டு இருக்கும்
என்று நினைத்துப் பார்த்ததில்லை.
பதினொன்றின் முடிவும் வட்டியாக
இந்தப் பன்னிரண்டாவதில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

முட்டி மாற்றியதிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியவில்லையாம்.
"நீங்க ஓட்டுங்க. எனக்கு அந்தச் சத்தம் போதும்."
சாவியில் ஆட்டுக்காது அடையாளத் தகடு, மஞ்சள்.
ஓடும் ஒவ்வொரு மைலும் விலையில் ஒரு கடி
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் ஏற்கெனவே பெல்ட் போட்டிருந்தார்.

எங்கள் அலுவலகச் சுவரில் விலைக்கோடு ஒன்று தொங்குகிறது.
பதினைந்து வருடம் ஏறி,
இப்போது உச்சியில் மெல்ல வளைகிறது.
தினம் யாராவது போன் செய்கிறார்கள்:
வித்துடலாமா, வச்சிருக்கலாமா?
எல்லோருடைய காலும் தூக்கத் தயாராக.

பாலத்துக்கு முன்னால் சாலை இடப்பக்கம் மடங்கியது.
நினைத்ததைவிட அதிகமாக மடங்கியது.
ஈர இலைகள். ஒரு கல் சுவர்.
என் வலது கால் தானாக எழப் பார்த்தது.
"எடுக்காதீங்க," என்றார் இட்வால்,
பால் பாத்திரத்தை நகர்த்தச் சொல்கிற குரலில்.

எடுக்கவில்லை.
மறுபக்கம் ஆறு தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

திரும்பிவந்து, சூடான பிரேக் வாசனையில் நின்று,
விவரத்தாளைத் திருத்தினேன்:
முப்பத்தோராயிரத்து நானூற்றுப் பத்தொன்பது மைல்.
மதிப்பீட்டைத் தொடவில்லை.
கீழே, 'அண்மையில் ஓட்டப்பட்டது' என்று சேர்த்தேன்.
அச்சுக்குப் போகுமுன் மேலாளர் அடித்துவிடுவார்.

அவர் ஈரத்துணியால் சக்கர வளைவுச் சேற்றைத் துடைக்க
குனியப் பார்த்தார், முடியவில்லை.
துணியை வாங்கி நான் துடைத்தேன்.