ஒன்பது புள்ளிகள்

புரூணைக்குப் போவதற்கு முந்தின ராத்திரி
பெட்டி கட்டாமல்
லேப்டாப்பைப் பூட்டிக்கொண்டிருந்தீர்கள், மச்சான்.
எனக்கொரு கணக்கு, கையைக் கட்டின கணக்கு.
உங்களுக்கொரு கணக்கு, அட்மின்.
பென் டிரைவ் செருகுகிற இரண்டு வாயையும்
எம்சீல் பிசைந்து அடைத்தீர்கள்,
விரலில் ஒட்டியதை என் முந்தானையில் துடைத்தீர்கள்.
"இனி எந்த வைரஸும் நுழையாது, ஜெய்னம்பு."

பூட்டை நான் குறை சொல்லவில்லை.
அதற்கு முந்தின வருஷம்
மில் கலியபெருமாள் அனுப்பாத பில் ஒன்றை
அவர் பெயரைப் பார்த்துத் திறந்தவள் நான்தான்.
குறுவைக் கொள்முதல் மொத்தமும்
ஒரே ராத்திரியில் வால் முளைத்து நின்றது,
ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் யாரோ ஒட்டிய நாலு எழுத்து.
நடுத்திரையில் கறுப்பாய் ஒரு கடிதம்,
கெடு எழுபத்திரண்டு மணி நேரம்.
நாம் கட்டவில்லை.
மூன்று வாரம் கார்பன் தாள்களை வெளிச்சத்தில் பிடித்து
ஆயிரத்து நூறு பில்லை மறுபடி அடித்தேன்.
வலது மணிக்கட்டு இன்னும் மழைக்கு வலிக்கும்.

ஆனால்
டேலி புதுப்பிக்க வேண்டுமா, உங்களுக்கு போன்.
பிரிண்டர் மாற்றினால் உங்களுக்கு போன்.
ஜிஎஸ்டி கடைசி நாள் ராத்திரி பதினொன்று எனக்கு;
உங்களுக்கு ஒன்றரை மணித் தூக்கம்.
எழுந்து, அங்கிருந்தே என் திரைக்குள் வருவீர்கள்.
அம்பு தானாக நகரும்.
கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பேன்.
கடவுச்சொல் விழும்போது கறுப்புப் புள்ளிகள்.
ஒன்பது.
எண்ணியிருக்கிறேன்.

ஒரு ஆடியில் ஆறு கரைதொட்டுப் போனது.
வாய்க்கால் தலைப்பு ஷட்டர் திறக்கவில்லை,
திருகுகிற சாவியோடு லஸ்கர் சம்பந்தம்
மன்னார்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார்.
ஊரே அவரைத் திட்டியது.
எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

போன செவ்வாய் நீங்களே கூப்பிட்டீர்கள்.
குரலில் உப்பில்லை.
பார்சல் ஒன்று சுங்கத்தில் மாட்டிக்கொண்டதாம்,
உங்கள் பெயரில், நீங்கள் அனுப்பாதது.
அதிகாரி ரொம்ப மரியாதையாகப் பேசினாராம்.
எந்தக் கதவும் உடையவில்லை.
வந்த ஆறு எண்ணையும் நீங்களே வாசித்திருக்கிறீர்கள்,
ஒவ்வொன்றாக, பிழையில்லாமல்,
அவர் கேட்டதற்காக இரண்டாம் தரமும்.
இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம்.

நண்டு வளையை அடைக்கிறவன்
வரப்பில் நின்றுதானே அடைக்கிறான்.
சரிந்தது அவன் கால் வைத்த இடம்.

இதை நான் சொல்லவில்லை.
புகாருக்கு அடித்தேன், பேங்கை எழுப்பினேன்,
கிடைத்த நம்பரைக் காலண்டரில் எழுதினேன்.
பாதிப் பணம் எங்கோ நிற்கிறதாம்,
மீதி போய்விட்டதாம்.

அப்புறம் கேட்டேன், கடவுச்சொல்.
உங்கள் அறை மின்விசிறி கொஞ்ச நேரம் பேசியது.
பிறகு சொன்னீர்கள்:
டிஎன் ஐம்பது சி, நாலு நாலு ஒன்று ஏழு.

நம் வண்டி.
அதை விற்றுத்தானே ஏஜெண்டுக்குக் கொடுத்தோம்.
இப்போது திருத்துறைப்பூண்டியில் எவரோ
பால் கேனோ பள்ளிப் பிள்ளையோ ஏற்றிக்கொண்டு
நம் பூட்டின் சாவியைப் பின்பலகையில் எழுதி
தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்.
சிரிப்பு வந்தது, அடக்கினேன்.
நீங்களும் அடக்கினீர்கள் என்று நினைக்கிறேன்.

மாற்றிவிட்டேன், மச்சான்.
எம்சீலைப் பெயர்க்கவில்லை.
வேலை பார்ப்பது இன்னும் கை கட்டின கணக்கில்தான்;
கட்டு இப்போது நான் போட்டது,
அவ்வளவு இறுக்கமாகத் தெரியவில்லை.

லீவில் வருவீர்கள்.
பிரிண்டர் ஓடாவிட்டால் கூப்பிடுங்கள்,
பக்கத்து அறையில்தான் இருப்பேன்.
வந்து தட்டித் தருவேன்.
நீங்கள் புள்ளிகளை எண்ணிக்கொள்ளலாம்.