கொள்முதல் விலை

தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் பெடலை
நான் சுற்றச் சுற்ற
டைனமோவில் றேடியோ பேசும்.
கை களைத்தால் செய்தி இழுபடும்.
"சுத்தடி" என்பார் அப்பா.
எத்தனை பேர் செத்தது என்பதை
அவர் காதில் போட்டதில்லை.
கிளாலியில் படகு ஓடுமா, ஓடாதா,
அது தெரியவேணும்.
ஓடாது என்றால்
விடியமுன்னம் சுன்னாகத்தில்
பற்றரிக்கு வேறு விலை.

கெட்ட மனுசன் இல்லை.
பொன்னுக்கிளியக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது
முழுச் சவர்க்காரம் ஒன்று சும்மா கொடுத்தவர்.
அதையும் கொப்பியில் எழுதினார்,
'தர்மம்' என்று.
கொள்முதல் விலைக்கு அல்ல,
அன்றைய விலைக்கு.

கட்டிலுக்கடியில் பதினொரு கான் மண்ணெண்ணெய்.
அதற்கு மேலே நானும் தம்பியும் நித்திரை.
வெளியே ஊர்
ஜாம் போத்தலுக்குள் பஞ்சை நனைத்து
ஒரு சொட்டு வெளிச்சத்தில்
ஆறு பிள்ளைகளைச் சோதினைக்குப் படிப்பித்தது.
செல் கூவினால்
"கானுக்கு ஈரச்சாக்கைப் போடு" என்று
அம்மாவுக்குச் சொல்லிவிட்டுத்தான்
பங்கருக்குள் இறங்குவார்.

பிறகொரு தை மாசம்
பேச்சுவார்த்தை என்றார்கள்.
கோயில் மணி ஓயாமல் அடித்தது.
பொழுதுபடமுன் விலை பாதியாய் விழுந்தது.
அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை.
"சமாதானம் நல்லதுதான்" என்றார் சுவரைப் பார்த்து,
"ஒரு மாசம் பிந்தி வந்திருக்கலாம்."

சித்திரையில் திரும்பத் தொடங்கியது.
இரண்டாம் தரம் சோறு கேட்டார்.
போட்டது நான்.

அந்தக் கொப்பி இப்போது என்னிடம்.
கொக்குவில் வீடு சீதனமாய் வந்தபோது
உறுதிக்கட்டோடு சேர்ந்து வந்தது.
நாற்பத்து மூன்றாம் பக்கம்
எண்ணெய் ஊறிக் கண்ணாடியாய்க் கிடக்கிறது:
யோகராசன். கிளாலி. முற்பணம் ஐந்நூறு.
அதற்கு நேரே சிவப்பு மையில், வரவில்லை.
சரக்கா, காசா, ஆளா,
எழுதவில்லை.
அடியில் நட்டக் கூட்டலில் மட்டும்
ஐந்நூறும் ஏறியிருக்கிறது.

அவனை மறித்துச் சுட்ட படகுக்கும்
ஒரு கொள்முதல் விலை இருந்திருக்கும்.
விற்றவனுக்கு லாபம், நடுவில் நின்றவனுக்குத் தரகு,
கையெழுத்து வைத்தவனுக்குக் கழிவு.
எங்கள் கடல்நீரேரியைப்
படத்திலும் பார்த்திராத ஏதோ ஒரு பட்டணத்தில்
அந்தத் தை மாசம்
அவனும் சாப்பிடாமல் படுத்திருப்பான்.
அவனுக்கும் ஒரு மகள் இருந்திருப்பாள்.
அவளிடம் பெடல் இருந்திராது.

அவன் கொப்பியில் யோகராசன் பெயர் இல்லை,
அப்பாவின் கொப்பியிலாவது இருக்கிறதே என்று
ஒருநாள் ஆறுதல்பட்டுப் பார்த்தேன்.
சரிவரவில்லை.

போன கிழமை கரண்ட் நின்றது.
மேல்மாடி முழுக்கத் தேடினேன்,
மெழுகுதிரியால் கட்டின வீட்டில்
ஒரு மெழுகுதிரி இல்லை.
சந்திக் கடைக்குப் போனேன்.
ஊரே இருட்டு.
வழமையிலும் இருபது ரூபாய் கூடச் சொன்னான்
மீசை அரும்பாத பொடியன்.
அவன் முகத்தைப் பார்க்காமல் காசைக் கொடுத்தேன்.
மிச்சத்தை எண்ணவில்லை.