பலாக்

ஒரு மீற்றர் அகலம்.
இரண்டு கரையிலும் சிவப்புத் தலைக் குச்சிகள்.
நடுவில் நான், முழங்காலில்.
அம்பகாமத்துக் காட்டில் இதைத்தான் ஒழுங்கை என்கிறோம்.
காலை ஆறரையிலிருந்து மத்தியானம் வரை
ஏழு மீற்றர் போனால் நல்ல நாள்.

இப்படிப்பட்டவளை மொறொக்கோவுக்கு அனுப்பினார்கள்.
ரபாத்தில் ஐந்து நாள் பயிற்சி,
ஆறாம் நாள் லீவு.
மற்றவர்கள் கடற்கரைக்குப் போனார்கள்.
கடல் நான் முல்லைத்தீவில் பார்த்தது போதும்.
மூன்று மணித்தியாலம் ரயிலில் இருந்து
ஃபெஸ் நகரத்தில் இறங்கினேன்.

நீல ஓடு பதித்த வளைவு வாசல்.
உள்ளே ஒழுங்கை.
அதற்குள் ஒழுங்கை.
ஒன்பதாயிரம் என்று தேத்தண்ணிக் கடைக்காரன் சொன்னான்,
எண்ணினது ஆரென்று அவனுக்கும் தெரியாது.
அகலம் என்னவோ அதே ஒரு மீற்றர்தான்.
குச்சி மட்டும் இல்லை.

சிரிக்காதை தர்சிகா.
கால் மணித்தியாலம் வாசலில் நின்றனான்,
எந்தக் காலை முதல் வைக்கிறதென்று.
வைத்த பிறகும்
ஒரு மணித்தியாலம் முழுக்க
அந்தப் பேர்போன பழைய நகரத்தின்
தரையை மட்டும் பார்த்தேன்.
கேள், சொல்கிறேன்:
வழுவழுத்த கல். ஆட்டு மயிர்.
நசிந்த தோடம்பழத் தோல்.
ஓரமாய் ஒரு தகர மூடி,
அதை நாலடி தள்ளிச் சுற்றிப் போனேன்.
பள்ளிவாசல் கோபுரமா?
எல்லாரும் நிமிர்ந்து படம் எடுத்தார்கள்.
அவர்களுடைய செருப்புகள் எனக்கு நல்ல ஞாபகம்.

அப்போது முதுகுக்குப் பின்னால்
பலாக்! பலாக்!
பலாக்காய் விற்கிறானாக்கும் என்று திரும்பினால்
கழுதை.
அதன்மேல் மலைபோல் ஈரத் தோல்கள்.
ஓட்டிவந்த பொடியனுக்கு என்னைப் பார்க்க நேரமில்லை.
விலகு என்கிறான்.
விலக எங்கே இடம்?
பின்பக்கமாய்ப் பாய்ந்து சுவரோடு ஒட்டினேன்.
ஈரத் தோல் கன்னத்தை உரசிக்கொண்டு போனது,
நாற்றம் தொண்டை வரை இறங்கியது.
என் இரண்டு காலும்
நான் பார்க்காத இடத்தில் நின்றன.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒட்டினபடியே நிமிர்ந்தேன்.
மேலே வானம், ஒரு சீலைக் கரை அகலம்.
எதிரெதிர்ச் சுவர்கள்
ஒன்றின்மேல் ஒன்று விழப் பார்க்கின்றன,
நடுவில் மரக்குற்றி குறுக்கே அடித்து
அப்படியே நில் என்று விட்டிருக்கிறார்கள்.
எத்தனை வருடமாய் என்று கேட்க மொழி இல்லை.
குற்றியின்மேல் பூனை ஒன்று நித்திரை.

எங்கள் வீட்டுச் சுவருக்கு வயது பதின்மூன்று.
முகப்பில் வீட்டுத் திட்டத்தின் பெயர், இலக்கம்.
அதற்கு முந்தின வீட்டுக்குச் சுவர் இல்லை,
கிடுகு.
அதற்கு முந்தினது எங்கே என்று
அம்மா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் கை காட்டுவா.

போறணை வாசலில்
பலகையில் மாவுருண்டைகளோடு ஒருத்தி
என்னவோ கேட்டாள்.
ஊரைக் கேட்கிறாள் என்று நினைத்து
வன்னி என்றேன்.
அவள் தன் நெஞ்சைத் தொட்டு, ஸுபைதா.
என்னை நோக்கி விரல் நீட்டி, வன்னி.
பெயரைத்தான் கேட்டிருக்கிறாள்.
நான் திருத்தவில்லை.
வன்னி, வன்னி என்று கூப்பிட்டுச்
சுடச்சுடப் பாண் பிய்த்துத் தந்தாள்.
கடவுச்சீட்டில் இல்லாத பெயரோடு
பொழுதுபடும் வரை தொலைந்து திரிந்தேன்.

பயமில்லையோ என்று கேட்காதை.
பயந்தனான்தான்.

நேற்று வேலை முடிந்து வரும்போது
ஒலுமடு றோட்டில் மண் டிப்பர்,
ஹோர்ன் அடித்துக்கொண்டு முழு றோட்டையும் எடுத்து வந்தது.
நான் விலகினேன்.
றோட்டோரப் புல்லுக்குள்.
அங்கே வேலை முடித்துப் பலகை கழற்றி
எட்டு வருடம்.
கழற்றினவர்களில் நானும் ஒருத்தி.
ஆனாலும் நீயும் இறங்கமாட்டாய், நானும் இறங்கினதில்லை.

புழுதி அடங்கும்வரை நின்றேன்.
வீட்டுக்கு வந்து பார்த்தால்
செருப்படியில் இரண்டு நெருஞ்சி முள்.

விசில் ஊதியாச்சு.
முகக்கவசத்தைப் போடு.